பூனைப் பெட்டி நாறுதுங்க, என்ன செய்யட்டும்?

(வீட்டுப் பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா பதில் சொல்கிறார். இந்த இதழில் பூனைக் கடிதங்கள் மட்டும்.)

கேள்வி: மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில் குடியிருக்கிறோம். இரண்டு பூனைகள், வெளியே விடுவதில்லை. இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவை மலம், மூத்திரம் போக, பாத்ரூமில் மணல் நிரப்பி மூடி போட்ட லிட்டர் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை மொத்த மணலையும் கொட்டிவிட்டு, பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவிப் புது மணல் போடுகிறேன். ரூம் ஃபிரெஷ்னரும் அடிக்கிறேன். அப்படியும் ஒரம்பரை வந்தால் வாசலிலேயே மூக்கைச் சுளிக்கிறார்கள். பூனைகளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, மாமியாருடைய யோசனையை விட்டுவிடுங்கள், ஆனால் அவருடைய மூக்கை நம்புங்கள். நாள் முழுக்க ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வீட்டு நாற்றம் தெரியாது, மூக்கு பழகிவிடும். வெளியூர் போய்வந்து கதவைத் திறக்கிற முதல் மூச்சில்தான் நிலவரம் தெரியும்.

பூனை மூத்திரம் விழுந்த உடனே கண்ணைக் கரிப்பதில்லை. வறண்ட பூமியில் வாழ்ந்த காட்டுப்பூனையின் வம்சம் என்பதால், பூனை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து மூத்திரத்தைக் கெட்டியாக வெளியேற்றும். அதில் யூரியா நிறைய. மணலிலும் பெட்டியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகின்றன. ஒரம்பரையின் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். அது கிளம்ப ஈரமும் நேரமும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கூட நீங்கள் கொடுக்கக் கூடாது, உங்கள் வீட்டில் இரண்டையும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள்.

பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கொட்டகைகளில் நான் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் ஒழுகி, அடியில் விரித்த தென்னை நார்க்கழிவு நனைந்து கிடக்கும் கொட்டகையில் கால் வைத்தாலே கண்ணில் நீர் வந்துவிடும். பக்கத்துக் கொட்டகையில் அதே குஞ்சு, அதே தீவனம்தான் இருக்கும். விரிப்பைத் தினமும் கிளறி உலர வைத்திருப்பார்கள், அங்கே நின்று டீ குடிக்கலாம். கொட்டகைக் காற்றில் அமோனியா 25 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டுப் பூனைப் பெட்டிக்கு அப்படி யாரும் கணக்கு வைப்பதில்லை.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். வாரம் ஒருமுறை கொட்டுகிறேன் என்கிறீர்கள், நடுவில் அள்ளுவதைப் பற்றி எழுதவே இல்லை. நாலு கிலோ பூனை ஒன்று நாளைக்குச் சுமார் 100 மில்லி மூத்திரம் போகும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பூனைக்கும் வாரத்தில் ஒன்றரை லிட்டர் பக்கம் வந்துவிடும். அத்தனையும் ஒரே பெட்டியில், மூடி போட்டு, ஈரமான பாத்ரூமில் ஊறிக்கொண்டிருக்கிறது.

காலையில் ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை அள்ளுங்கள். காலையில் காபி போடும்போது பால் காய்கிற நேரத்துக்குள் என் வீட்டில் இந்த வேலை முடிந்துவிடும். கட்டியாகிற மணலாக வாங்குங்கள், பென்டோனைட் என்கிற களிமண் வகை. மூத்திரம் பட்ட இடம் மட்டும் உருண்டு கட்டியாகும், அதை முழுதாக எடுத்துவிடலாம். பையில் ‘கட்டியாகும் வகை’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவாக விற்கிற சில வகைகள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கட்டியாகாது. இரண்டரை அங்குல உயரத்துக்காவது மணல் இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அரை அங்குலம் தூவினால் மூத்திரம் நேராகத் தரைக்குப் போய் அப்பளம் மாதிரி அடியில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டும்போது பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் நாற்றம் குடியேறிவிடும். அப்புறம் எத்தனை கழுவினாலும் போகாது. அதனால்தான் பழைய பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம்.

இப்படி ஒழுங்காக அள்ளி, குறைகிற அளவுக்குப் புது மணல் சேர்த்துவந்தால், மொத்தமாகக் கொட்டுவதை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். மணல் செலவும் குறையும். மாமியாரிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

பாத்ரூமிலிருந்து பெட்டியை எடுத்துவிடுங்கள். நம் வீட்டுப் பாத்ரூம்கள் நாள் முழுக்கச் சொதசொதவென்றுதான் இருக்கும், குளிக்கிற தண்ணீர் தெறிக்கும், மணலும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வலை அடித்த பால்கனி இருந்தால் அதில் மழைச்சாரல் படாத மூலை நல்லது. மூன்றாவது மாடி என்பதால் வலை இல்லாமல் பூனையைப் பால்கனியில் விடாதீர்கள். பால்கனி சரிப்படாவிட்டால் துணி துவைக்கிற இடத்தில் காய்ந்த பக்கமாக வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு அடிக்கும்போது ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவோம், ஐப்பசி மழையிலும் அப்படித்தான். அந்த மாதங்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், கரண்ட் பில்லைப் பார்க்காதீர்கள்.

பூனைக்கு ஒன்று, கூட ஒன்று என்பதுதான் பெட்டிக்கான பொது விதி. உங்களுக்கு மூன்று வேண்டும். மூன்றுக்கு இடமில்லாவிட்டால் இரண்டாவது வையுங்கள், அடுத்தடுத்து வைக்காமல் வேறு வேறு மூலையில். கடையில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் சின்னவை. பூனையின் உடம்பு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பதால், துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பே போதும். மூடியையும் கழற்றிவிடுங்கள். நாற்றம் உள்ளேயே நிற்கட்டும் என்று நாம் மூடுகிறோம், அந்த நாற்றத்துக்குள் போய் உட்கார வேண்டியது பூனை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் உங்கள் மெத்தையில் போய்விட்டு வரும்.

பினாயிலை இன்றைக்கே நிறுத்துங்கள். இதை நான் கொஞ்சம் அதட்டியே சொல்கிறேன். ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் வசதி பூனையின் கல்லீரலில் சரியாகக் கிடையாது. பெட்டிக்குள் கால் வைத்துவிட்டு அந்தக் காலை நக்கும் பிராணி அது. பினாயில், டெட்டால், பாச்சை உருண்டை, கற்பூரம், வாசனைத் தைலங்கள் எதுவும் பெட்டி இருக்கும் பக்கமே வரக் கூடாது. பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுப் புகை வரும், கழுவுகிற உங்களுக்கே மூச்சடைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும். பழைய நெடி போகாவிட்டால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். அமோனியா காரம், வினிகர் அமிலம், அதனால் முறிக்கும். நன்றாக அலசி மொட்டை மாடி வெயிலில் காயவிட்டு, ஒரு பொட்டு ஈரமில்லாமல் மணலைப் போடுங்கள். சமையல் சோடா தூவச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். கெடுதல் இல்லை, ஆனால் அதுவும் காரம்தான், அமோனியாவிடம் அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

ரூம் ஃபிரெஷ்னர் அடித்தால் மல்லிகைப்பூவும் மூத்திரமும் சேர்ந்து அடிக்கும். அது தனியாக அடிப்பதைவிடக் கொடுமை.

இன்னொன்று கேட்க விட்டுப்போனது. பாலும் தயிர்ச்சோறும் போடுகிறீர்களா? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. மலம் இளகிப் போனால் மணலும் ஒட்டாது, நாற்றமும் அடங்காது. பாலை நிறுத்திப் பத்து நாள் பாருங்கள், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: எங்களுக்குத் தென்னைநார் மில் இருக்கிறது, நார்க்கழிவு மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. காசு கொடுத்து மணல் வாங்காமல் இதையே பூனைக்குப் போடலாமா? கோழிப் பண்ணையில் செய்வது போலக் கொஞ்சம் சுண்ணாம்போ சாம்பலோ கலந்தால் நாற்றம் வராதல்லவா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: போடலாமுங்க. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், கரிச்சத்து மிகுந்தது, அமோனியாவையும் ஓரளவு பிடித்து வைக்கும். கறிக்கோழிக்கு விரிக்கிறார்களே, சும்மாவா?

ஆனால் குவியலில் இருந்து அப்படியே அள்ளிப் போடாதீர்கள். பச்சைக் கழிவில் சாயம் இறங்கும், வெள்ளைப் பூனையாக இருந்தால் நாலு காலும் பழுப்பாகிவிடும், வீட்டுத் தரையில் தடம் தடமாகப் பதியும். மழையில் நனைந்து சாயம் இறங்கின பழைய கழிவை எடுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, தூசியையும் நீள நாரையும் சலித்து எடுத்துவிட்டுப் போடுங்கள். இது கட்டியாகாது என்பதுதான் குறை. மூத்திரம் எங்கே போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, கையுறை போட்டு ஈரமான இடத்தைத் தேடித்தான் அள்ள வேண்டும். ஈரத்தைப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது. அதனால் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுங்கள். உங்களுக்கு இலவசம்தானே!

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் பூனையின் பாதத்தையும் நாக்கையும் புண்ணாக்கும். அது காரம் என்பதால் விரிப்பில் அடங்கியிருக்கும் அமோனியாவை இன்னும் கிளப்பியும் விடும். அடுப்புச் சாம்பலும் அதே கதைதான்.

மாற்றும்போது எடுக்கிற கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்பது முக்கியம். கீரைப் பாத்தியில் வேண்டாம். பட்டி பக்கமும் தீவனப் போர் பக்கமும் கட்டாயம் வேண்டாம். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் சினை கலைய ஒரு முக்கியக் காரணம். தாராபுரத்தில் வேலை பார்த்தபோது, பட்டியில் ஆடுகள் வரிசையாகச் சினை கலைந்து வீசிவிட்டன என்று யாராவது வந்தால், தீவனக் கொட்டகைக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்றும் கேட்பேன். எதற்கு இந்தம்மா பூனையைக் கேட்கிறது என்று முழிப்பார்கள். ஆடு மாடு போகாத, கிணற்றுக்குத் தள்ளியிருக்கிற இடமாகப் பார்த்து ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: மகள் தலைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறாள். பூனை மலம் கர்ப்பிணிக்கு ஆகாது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எட்டு வருடமாக வளர்க்கிற பூனையை என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம், பூனை பூனையாக இருக்கட்டும். பெட்டியை மட்டும் மகள் தொட வேண்டாம்.

மேலே ஆட்டுக்குச் சொன்ன அதே ஒட்டுண்ணிதான் இங்கேயும் பயம். கர்ப்ப காலத்தில் முதல் முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம், அதனால் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூனை பெரும்பாலும் தனக்கு முதல் தடவை தொற்றும்போதுதான், அதுவும் ஓரிரண்டு வாரம்தான், மலத்தில் இதை வெளியேற்றும். வெளியே வந்ததும் உடனே தொற்றாது, தொற்றும் பக்குவத்துக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். நாற்றத்துக்காகத் தினமும் அள்ளுகிறோமே, அதே வேலை இந்தக் கிருமிக்கும் நேரம் கொடுக்காமல் செய்துவிடுகிறது. வெளியே போகாமல், எலி பிடிக்காமல், பச்சைக் கறி தின்னாமல் இருக்கும் எட்டு வயதுப் பூனையிடமிருந்து ஆபத்து மிகவும் குறைவு. நீங்களோ வீட்டுக்காரரோ தினம் அள்ளிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும்தான் இதில் பூனையைவிடப் பெரிய சந்தேகப் புள்ளிகள். வீட்டில் பூனை இருப்பதை மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தேவையென்றால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்.

கேள்வி: பத்து மாதக் கடுவன் பூனை. இத்தனை நாள் பெட்டியில் ஒழுங்காகப் போனவன், இப்போது சோபாவிலும் கதவிலும் வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிறான். டெட்டால் போட்டுத் துடைத்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடி அதே இடத்தில் அடிக்கிறான், நாற்றம் தாங்கவில்லை.
— ஒரு வாசகர், சிங்காநல்லூர், கோவை

பதில்: தம்பி, அவனுக்கு வயசு வந்துவிட்டது. அது மூத்திரம் போவதில்லை, எல்லை போடுவது. ஜன்னலுக்கு வெளியே வேறொரு கடுவன் நடந்து போனால் இன்னும் மும்முரமாகப் போடுவான்.

இந்த நாற்றம் அமோனியாவிலிருந்து வேறுபட்டது. பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்று கந்தகம் கலந்த ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. காக்சின் என்ற புரதத்தின் உதவியால் அது மூத்திரத்தில் சேருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் விளக்கினார்கள். ஆபரேஷன் செய்யாத கடுவனில்தான் அது மிக அதிகம். அது சிதையும்போது கிளம்பும் கந்தக வாடையைத்தான் நாம் கடுவன் நாற்றம் என்கிறோம். எனவே முதல் மருந்து கருத்தடை ஆபரேஷன். செய்துகொண்ட கடுவன்களில் பத்துக்கு ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடும். உடனே நிற்கவில்லையே என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் பிடிக்கும்.

சோபாவைப் பொறுத்தவரை டெட்டால் தன் வாசனையைத்தான் மேலே போடும். அவன் மூக்குக்கு அடியில் இருப்பது தெரிந்துகொண்டேதான் இருக்கும். கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா விளக்கு ஒன்று வாங்கி, ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பீய்ச்சிய இடம் மினுங்கும். நீங்கள் துடைத்ததைவிட அதிக இடம் தெரியும், கலங்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் நனைத்த பனியன் வேஸ்டால் ஒற்றி எடுங்கள், துணியைத் திரும்பப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை (நாற்றப் பொருளைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்), நாற்றம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனையும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிடுங்கள். தெளித்த உடனே துடைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் வரைக்கும் இறங்கியிருந்தால் அந்த ஸ்பாஞ்சை மாற்றுவதே மலிவு.

கேள்வி: எங்கள் ஆண் பூனை இரண்டு நாளாக அடிக்கடி பெட்டியில் போய் உட்காருகிறது, முக்குகிறது, கத்துகிறது. மணலில் ஈரமே இல்லை. நாற்றம் இல்லாமல் பெட்டி சுத்தமாகவே இருக்கிறது. மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பதறி, ஆசிரியர் குழுவிடம் நம்பரை வாங்கிப் போனில் பேசிவிட்டேன். பூனை ஆஸ்பத்திரியில் கதீட்டர் (மூத்திரம் வடிக்க உள்ளே விடும் மெல்லிய குழாய்) போட்டுப் பிழைத்துக்கொண்டது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். பொடிக் கல்லோ சளிபோன்ற அடைப்போ சிக்கினால் மூத்திரம் நின்றுவிடும். பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுபோகலாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த நேரமும் போய்விடும். பத்திரிகைக்கு எழுதக் கூடாது, விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தினம் இரண்டு வேளை அள்ளுகிறவர்களுக்கு வழக்கமாக எத்தனை கட்டி வரும் என்று கைக்கே தெரிந்திருக்கும். கட்டி ஒன்றுமே இல்லாமல் பெட்டி காய்ந்து கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். வழக்கத்துக்கு மேல் பெரிய பெரிய கட்டியாக, நாற்றமும் குறைந்து வந்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: அள்ளியதை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா?
— ஒரு வாசகர், கோபி

பதில்: கூடாதுங்க. கட்டியாகும் மணல் குழாய்க்குள்ளும் கட்டியாகத்தான் செய்யும். செப்டிக் டேங்கில் போய்ச் சேர்ந்தால் அடியில் சேறாகப் படியும். கேரி பேக்கில் போட்டு இறுக்க முடிச்சுப் போட்டு, மூடியுள்ள வாளியில் வைத்து, குப்பை வண்டி வரும்போது கொடுத்துவிடுங்கள். டாய்லெட்டில் போடலாம் என்று பையில் அச்சிட்ட, சோயாச் சக்கையில் செய்யும் டோஃபு வகை மணலும் வருகிறது. என் வீட்டு பிளம்பர் அதையும் போட வேண்டாம் என்கிறார், நான் அவர் பேச்சைக் கேட்கிறேன்.